எட்டுப் பேர் மட்டும் போகும் ஸ்நார்கெலிங் படகு: கூடுதல் காசுக்குத் தகுமா?

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. அது தெரிந்தால்தான் இந்த விமர்சனம் உங்களுக்கு உதவுமா என்று புரியும். வயது 47. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் நாலரை பவர். நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். நீச்சல்குளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவேன், நடுவில் காலை ஊன்றிப் பார்த்துத் தரை தட்டவில்லை என்றால் பதறிவிடுவேன். கூட வந்தது 14 வயது மகன். அவனுக்குப் பயம் என்று ஒன்று இனிமேல்தான் முளைக்க வேண்டும்.

ஸ்நார்கெலிங் என்றால், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல் மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பயணம் பெரிய படகில் போயிருக்கிறேன். நாற்பது பேருக்கு மேல். ஒரு பெரிய கூடையிலிருந்து மாஸ்க்கை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். கயிறு கட்டிய வட்டத்துக்குள் எல்லோரும் மொத்தமாக மிதந்தோம். அன்று நான் மிக அருகில் பார்த்த கடல் பொருள், முன்னால் போனவரின் காலில் இருந்த ஃபின், அதாவது நீந்துவதற்கு மாட்டும் துடுப்பு. அது என் மூக்கில் வந்து இடித்தது. அதனால் இந்த முறை 'அதிகபட்சம் எட்டுப் பேர்' என்று போட்டிருந்த படகைப் பார்த்ததும், காசு கூடுதல் என்றாலும் பரவாயில்லை என்று பதிவு செய்துவிட்டேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதுவும் ஒரே ஒரு நாளின் அனுபவத்தை வைத்து. தவிர, இந்தச் சிறுகுழுப் பயணங்கள் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே வார்ப்புதான்: அரை நாள், கரையோரமாக ஓர் ஓட்டம், இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீரில் இறங்குவது.

ஏழரைக்குக் கிளம்பும் என்றார்கள். எட்டேகாலுக்குத்தான் கிளம்பியது. வர வேண்டிய இரண்டு பேருக்காகக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய முக்கால் மணி நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

காத்திருந்த நேரம் முழுக்க வீண் போகவில்லை. கைடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாஸ்க் பார்த்துக் கொடுத்தார். பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. என் மகனுக்கு முதல் மாஸ்க்கே ஒட்டியது. எனக்கு மூன்றாவது. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு எதுவுமே முழுசாக ஒட்டவில்லை, காரணம் மீசை. "கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும் ஐயா, வந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுங்கள், தண்ணீர் கீழ்வழியாக வெளியே போய்விடும்" என்று கரையிலேயே நாலைந்து முறை செய்ய வைத்தார். மீசையை எடுக்கச் சொல்வாரோ என்று பயந்துபோயிருந்த பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்பது பேர் இருக்கும் படகில் இப்படி ஒருவருக்காக நிற்க யாருக்கு நேரம் இருக்கும்?

இப்போது என் குறை. பதிவு செய்யும்போதே போனில் கேட்டேன்: "பவர் மாஸ்க் இருக்கிறதா? எனக்கு மைனஸ் நாலரை." இருக்கிறது என்றார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாஸ்க் மாட்ட முடியாது. கண்ணாடியின் காம்பு இடையில் வந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, தண்ணீர் புகுந்துவிடும். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். போய்ப் பார்த்தால் அவர்களிடம் இருந்தது மைனஸ் மூன்று மட்டும். "தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும் மேடம், சமாளிக்கலாம்" என்றார் பதிவு மேசையில் இருந்த பையன். அதில் பாதி உண்மை. மாஸ்க்குக்குள் காற்று, வெளியே தண்ணீர் என்பதால் ஒளி வளைகிறது. பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு தூரம் கிட்டத்திலும் தெரியும். ஆகவே பக்கத்தில் இருந்த மீன் எனக்குத் தெரிந்தது. தூரத்தில் இருந்தது எல்லாம் யாரோ ஈரக் கையால் தேய்த்துவிட்ட ஓவியம் மாதிரி இருந்தது. இருக்கிறது என்று சொல்லாமல், மூன்றுதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் கான்டாக்ட் லென்ஸ் கொண்டுபோவதா வேண்டாமா என்றாவது யோசித்திருப்பேன்.

படகு பற்றிச் சுருக்கமாக: ஃபைபர் படகு, இரண்டு எஞ்சின், பாதிக்கு மேல் நிழல். குமட்டல் வருபவர்கள் பின்பக்கம் உட்காருங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. சன்ஸ்கிரீன் பாட்டிலை வாங்கி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக் கைடு படித்தார். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு ரசாயனமும் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவை கலந்த கிரீம்களின் விற்பனைக்கே தடை. எங்களுடையதில் ஒன்று இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதுகு கருகாமல் திரும்பியதற்கு அந்தச் சட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கரையோர ஓட்டத்தை நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, சும்மா படம் எடுக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகள். அவற்றின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி, ஆள் படுக்கும் அளவுக்கு உள்வாங்கிய ஒரு வரி நீளமாக ஓடுகிறது. அலை இடித்தும், கடல்நீர் கரைத்தும், பாறையில் வாழும் சின்ன உயிர்கள் அரித்தும் ஆன வரி அது. மேலே பாறை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. சின்னப் படகு என்பதால் அந்த நிழலுக்குள்ளேயே போனோம். ஒரு குகை வாயில் எஞ்சினை நிறுத்தினார்கள். தண்ணீர் யாரோ அடியில் விளக்கு வைத்த மாதிரி நீலமாக இருந்தது. நீருக்குக் கீழே இன்னொரு திறப்பு இருக்கிறதாம். வெயில் அதன் வழியாகத் தண்ணீருக்குள் புகுந்து வரும்போது சிவப்பை நீர் விழுங்கிவிட, நீலம் மட்டும் உள்ளே வந்து சேர்கிறது. எஞ்சின் நின்றதும் குகைக்குள் நீர் 'குளுக், குளுக்' என்று விழுங்கும் சத்தம். எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். என் மகன்கூட.

முதல் நிறுத்தம். நங்கூரத்தை எறியாமல், அங்கே ஏற்கெனவே கட்டிவைத்திருந்த மிதவையில் படகைப் பிணைத்தார்கள். பவளத்தின்மேல் நங்கூரம் விழுந்தால் பல வருட வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும். இதைக் கவனித்து மதிப்பெண் போட்டேன். மீனுக்குத் தின்ன எதையும் எறியவும் இல்லை. பெரிய படகில் அதுதான் முக்கிய நிகழ்ச்சியாக இருந்தது.

ஏணியில் இறங்கித் தண்ணீரில் முகத்தை வைத்த முதல் இரண்டு நிமிடம் என் நெஞ்சு படபடத்தது. குழாய் வழியாக வேக வேகமாக மூச்சு விட்டேன், காற்று போதவில்லை. கைடு பக்கத்தில் வந்து, "முழுசாக ஊதிவிட்டு அப்புறம் இழுங்கள், அவசரமே இல்லை" என்றார். குட்டிக் குட்டி மூச்சு விட்டால், குழாயில் தங்கிய பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போமாம். பத்து மூச்சில் சரியாகிவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தூக்கும் தடித்த லைஃப் ஜாக்கெட் இல்லை, வாயால் ஊதி வேண்டிய அளவு நிரப்பும் மெல்லிய ஜாக்கெட் கொடுத்திருந்தார்கள். அதனால் குனிந்து பார்க்க முடிந்தது.

பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைடைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் உடனே நீந்தி வந்து என் கையைப் பிடித்துப் படகை நோக்கி இழுக்க ஆரம்பித்துவிட்டார். நான் பிரமாதம் என்கிறேன். கடல் பாஷையில் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இதைக் கரையிலேயே சொல்லித் தந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மகன் அதிகமாகச் சிரித்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு தப்பான விரல் அசைவுக்கு ஐந்து விநாடியில் ஆள் வந்தார். கவனித்தபோது தெரிந்தது: கைடு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி எங்களை எண்ணிக்கொண்டே இருந்தார்; படகோட்டி மேலிருந்து எண்ணினார். எட்டு என்பது ஒரு பார்வையில் எண்ணிவிடக்கூடிய எண். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் ஒரு டைவிங் படகு, தலைகளைத் தப்பாக எண்ணி, ஒரு கணவன் மனைவியைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. விட்டுவிட்டோம் என்று தெரியவே இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. நான் கூடுதலாகக் கொடுத்த காசு இட வசதிக்கு என்று நினைத்திருந்தேன். அது இந்த எண்ணிக்கைக்கு.

கீழே பார்த்ததைச் சொல்லாவிட்டால் எப்படி? முதலில் காதில் விழுந்தது: 'கறுக், கறுக்' என்று யாரோ முறுக்கு கடிக்கும் சத்தம். கிளிமீன். கிளி மூக்கு மாதிரியான பல்லால் பாறையைச் சுரண்டி, அதில் படிந்த பாசியைத் தின்கிறது. கூடவே உள்ளே போன சுண்ணாம்பு அரைபட்டுப் பின்வழியாக மணலாக வருகிறது. ஒரு கிளிமீன் எனக்கு ஓர் ஆள் தூரத்தில் அந்த வேலையைச் செய்தது. வெள்ளைப் புகை மாதிரி மணல் வந்து மெதுவாகக் கீழே படிந்தது. அன்று மாலை கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க மகன் மறுத்துவிட்டான். அப்புறம் கடற்சாமந்தி என்ற கடல் உயிரின் விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன். அவற்றில் மிகப் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். தூரத்தில் ஓர் ஆமை போனதாகச் சொன்னார்கள். எனக்கு அது பழுப்பு நிற மங்கல். மைனஸ் மூன்றுக்கு நன்றி.

ஓரிடத்தில் பவளம் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. கைடு அதைச் சுற்றிக்கொண்டு போகாமல் எங்களை அங்கேயே நிறுத்திக் காட்டினார். தண்ணீர் சூடேறினால், பவளம் தனக்குள் வைத்திருக்கும், தனக்குச் சாப்பாடு தரும் நிறமுள்ள பாசியை வெளியே தள்ளிவிடுகிறது; வெளுத்த உடனே சாவதில்லை, சூடு குறையாவிட்டால் பட்டினியால் சாகிறது. உலகளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள் அல்லவா, அதன் ஒரு துண்டு. விளம்பரப் படத்தில் இந்த இடம் இல்லை. அவர் காட்டியது எனக்குப் பிடித்தது.

இரண்டாவது நிறுத்தம்தான் அந்த முக்கால் மணி நேரத்தின் விலை. வெயில் ஏறத் தரை சூடாகும், அதன் மேலிருக்கும் காற்று எழும்பும், கடலிலிருந்து காற்று கரையை நோக்கி வீச ஆரம்பிக்கும். மதியம் நெருங்க நெருங்க அலை கூடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கலங்கிப்போயிருந்தது. பெரியவரின் மனைவி இறங்கவே இல்லை. நாங்கள் இருபது நிமிடம் கலங்கலைப் பார்த்தோம். 'தண்ணீரில் இரண்டு மணி நேரம்' என்று போட்டிருந்தார்கள்; மொத்தமாக ஒன்றேகால் மணி நேரம்கூட வரவில்லை. கடல் இப்படி என்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நேரத்துக்கு வராத இரண்டு பேருக்காக, வந்த ஆறு பேரை நிறுத்திவைத்தது கடல் இல்லை.

ஏறும்போது ஏணி என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. நீலம் பாய்ந்து ஒரு வாரம் இருந்தது. தப்பு என்னுடையது: ஃபின்னைக் கழற்றாமலே ஏறப் பார்த்தேன். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஃபின் இரண்டையும் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, படகின் பின்பக்கம் தாழும் நொடியில் காலை வைக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்தக் கைடுக்கு மட்டும் என்றால் ஐந்து. பதிவு செய்வதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: தாமதமாக வருபவருக்காக எவ்வளவு நேரம் நிற்பீர்கள், தண்ணீரில் எங்களோடு எத்தனை பேர் இறங்குவார்கள், என் பவரில் மாஸ்க் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா. மூன்றாவதற்குப் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகும் சத்தம் கேட்க வேண்டும்.

மாஸ்க் பற்றி அவர்களுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, எல்லாப் பவரிலும் வாங்கி வைக்கப்போவதாகப் பதில் வந்தது. அதற்குள் நானே மைனஸ் நாலரையில் ஒன்று வாங்கிவிட்டேன். வந்த அன்றே வாளியில் தண்ணீர் பிடித்து, மாட்டிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.