அலுமினிய ஈ6பி ஃபிளைட் கம்ப்யூட்டர்: நீண்ட பயணத்துக்கு இன்னும் வாங்கலாமா?

வாங்கலாம். ஈ6பி என்பது நேரம், எரிபொருள், காற்று எல்லாவற்றையும் விமானிகள் கையால் திருப்பிக் கணக்கிடும் சுழல்தட்டு. அலுமினியத்தில், முழு அளவில் உள்ளதையே வாங்குங்கள். டாப்லெட் ஆப் வழி, காற்று, எரிபொருள் எல்லாவற்றையும் நொடியில் போட்டுக் கொடுக்கும்போது இந்தச் சுழல்தட்டு எதற்கு என்று லைசென்ஸ் வாங்கியதும் பலர் இதைப் பையின் அடியில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் மூன்று மணி நேரம் நீளும் ஒரு க்ராஸ்-கன்ட்ரியில் (ஊர்விட்டு ஊர் பறக்கும் பயணத்தில்) எரிபொருள் எங்கே கரைகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் சாதனம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

1930-களில் ஃபிலிப் டால்டன் உருவாக்கிய வடிவம் இது, இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் பயன்படுத்தியது, இன்றும் அடிப்படை மாறவில்லை. ஒரு பக்கம் வட்டமான ஸ்லைடு ரூல் (எண்கோடுகளை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் அளவுகோல்), மறுபக்கம் காற்றுக் கணக்கு.

காற்றுப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. போகவேண்டிய திசை 090 பாகை (நேர்கிழக்கு), காற்று 150 பாகையிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்), விமானத்தின் மெய்வேகம், அதாவது காற்றுக்குள் அது போகும் உண்மை வேகம், 110 நாட் என்று வையுங்கள். 150-ஐ மேலே உள்ள குறிக்கு நேராகத் திருப்பி, நடுப்புள்ளிக்கு மேல் 20 நாட் தள்ளிப் பென்சிலால் ஒரு புள்ளி, பிறகு 090-ஐக் குறிக்குக் கொண்டுவந்து அந்தப் புள்ளி, உள்ளே நகரும் வேகச் சட்டத்தின் 110 வளைவில் உட்காரும்வரை அந்தச் சட்டத்தை நகர்த்தினால் போதும்: மூக்கை வலப்பக்கம் 9 பாகை திருப்ப வேண்டும், தரைவேகம் சுமார் 99 நாட். காற்று எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகிறது, எவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஒன்று மட்டும் கவனம். மேல்காற்று முன்னறிவிப்பு மெய்வடக்கை (திசைகாட்டி காட்டும் வடக்கை அல்ல, வரைபடத்தின் வடக்கை) வைத்துத் தரப்படுவது, அதனால் வரைபடத்தில் அளந்த மெய்த்திசையோடுதான் அதைச் சேர்க்க வேண்டும், காந்தத் திருத்தம் எல்லாம் அப்புறம்.

இப்போது முன்பக்கம், அதாவது ஸ்லைடு ரூல். 99 நாட்டில் 300 கடல் மைலுக்கு 3 மணி 2 நிமிடம். சரி, கிளம்பிவிட்டோம், எதிர்காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருக்கிறது, இரண்டு அடையாளங்களுக்கு இடையே உள்ள 17 கடல் மைலைக் கடக்க 12 நிமிடம் ஆகிறது. வெளிவட்டத்தின் 17-ஐ உள்வட்டத்தின் 12-க்கு நேராக வைத்தால் 60-இன் அம்பு 85-ஐக் காட்டும், அதுதான் இப்போதைய தரைவேகம். தட்டை அசைக்காமல் 300-க்கு நேரே பாருங்கள், 212 நிமிடம், அதாவது 3 மணி 32 நிமிடம். முழுப் பயணமும் இதே வேகத்தில் போனால் அரை மணி நேரம் கூடுகிறது. மணிக்கு 9 கேலன் குடிக்கும் எஞ்சினுக்கு அது 4.5 கேலன். அமெரிக்க விதிப்படி பகல் விஎஃப்ஆர் (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும்) பயணத்துக்கு வைத்திருக்க வேண்டிய எரிபொருள் கையிருப்பே 30 நிமிடம்தான்! இறங்கி எரிபொருள் போடுவதா என்ற முடிவை இந்தக் கணக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கேட்டுவிடும், அதற்குப் பொருத்தமான விமான நிலையங்களைக் கிளம்பும் முன்பே நேவ்லாகில் (பயணக் கணக்குத் தாளில்) குறித்து வைத்திருக்க வேண்டும்.

குறைகள் உண்டு. தசமப் புள்ளி கிடையாது, 30 என்பது 3-ஆ 300-ஆ என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் (விடையை முதலில் தோராயமாக ஊகித்துவிடும் பழக்கம் இதனாலேயே வருகிறது, அது நல்லதுதான்). காற்றுப் பக்கத்தைக் குலுங்கும் விமானத்தில் தனியாக ஓட்டிக்கொண்டே செய்வது சரிப்படாது, அதைத் தரையிலேயே முடித்துவிடுங்கள். இரவில் காக்பிட்டில் போடும் சிவப்பு விளக்கில் சிவப்பு எழுத்துகள் மறைந்துவிடும். வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு), வான்வெளிக் கட்டுப்பாடு எதுவும் இதற்குத் தெரியாது, அதற்கெல்லாம் ஆப்தான், நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். டாப்லெட் வெயிலில் சூடேறி அணைந்துவிடலாம், இதற்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அட்டை வகை ஈரத்தில் ஊறும், பிளாஸ்டிக் சூட்டில் வளையும். பாக்கெட் அளவு கைக்கு அடக்கம், ஆனால் கோடுகள் நெருங்கிப்போய் 85-ஐயும் 86-ஐயும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். கடையில் வாங்கும்போது தட்டைச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கையால் திருப்ப முடிய வேண்டும், விட்ட இடத்தில் நகராமல் நிற்கவும் வேண்டும்.