ஒரே சீட்டுக்கு இரண்டு பேர்: ஹாஸ்கெல்லில் நான்கு வருடம்

ஐடி கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன்களில் சீட் ஒதுக்கும் சர்வர் ஒன்றை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். முழுக்க ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழி. பெங்களூரு அல்சூரில் என் வீட்டுக்காரருக்கு நான் ஜாவா ஆள் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். விளக்கம் சொல்லி மாளாது.

எக்ஸெப்ஷன் (நடுவில் எழுந்து வேலையை முறிக்கும் பிழை) ஒரு தலைப்பு, பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகள்) பகிரும் ஸ்டேட் (மாறிக்கொண்டே இருக்கும் தகவல்) இன்னொரு தலைப்பு என்று தனித்தனியாகப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். அங்கேதான் சறுக்கல்.

முதல் வடிவத்தில் எல்லா வேன்களின் சீட் பட்டியலும் ஒரே எம்வாரில், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எடுத்துத் திருப்பி வைக்கும் பெட்டியில், இருந்தது. டேக்எம்வார் போட்டு எடு, சீட்டைக் குறி, புட்எம்வார் போட்டுத் திருப்பி வை. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஓசூர்க்கார டிரைவர் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, ஆப்புல சீட்டு சுத்திக்கிட்டே இருக்கு, ஒருத்தருக்கும் கன்ஃபர்ம் ஆகல. சில்க் போர்டுல வண்டிய ஓரங்கட்டி நிக்கிறேன், போலீஸ் கத்துறாரு."

"அஞ்சு நிமிஷம்ணே" என்றேன். ஐம்பது நிமிடம் ஆனது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாங்கள் டைம்அவுட் (இவ்வளவு நேரத்தில் முடியாவிட்டால் நிறுத்து என்ற கெடு) வைத்திருந்தோம். ஹாஸ்கெல்லில் டைம்அவுட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்குள் வெளியிலிருந்து எறியப்படும் எக்ஸெப்ஷன். நம் கோடில் தப்பே இல்லாவிட்டாலும், எந்த வரியிலும் வந்து விழலாம். அன்று அது எடுத்ததற்கும் திருப்பி வைத்ததற்கும் நடுவில் விழுந்தது. எம்வார் காலி. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் காலிப் பெட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். 'இந்த த்ரெட் எம்வாருக்காக முடிவில்லாமல் காத்திருக்கிறது' என்று ரன்டைமே (புரோகிராமை ஓட்டும் அடித்தளம்) எச்சரிக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு கார்பேஜ் கலெக்ஷன் (யாரும் தொடாத நினைவகத்தைக் கழிக்கும் வேலை) வழியாக நடப்பது. உயிரோடிருக்கும் வேறு ஏதாவது த்ரெட் அந்த எம்வாருக்கான சுட்டியைப் பிடித்திருந்தால் ரன்டைம் வாய் திறக்காது. எங்கள் மெயின் லூப் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சரி, மாடிஃபைஎம்வாருக்கு மாறினேன். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிடும். தீர்ந்தது என்று இருந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அண்ணன்: "தம்பி, ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரு மெசேஜ் காட்டுறாங்க. யார இறக்கி விடட்டும்?"

சீட்டைக் குறித்தபின் அதே இடத்தில் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிக்கொண்டிருந்தோம். எஸ்எம்எஸ் போய்விட்டது, அதற்கடுத்த வரியில் டைம்அவுட், பட்டியல் பழையபடி. போன மெசேஜை யார் திருப்பிக் கூப்பிடுவது? அதே சீட் அடுத்தவருக்கும் போனது.

இதற்கப்புறம்தான் எஸ்டிஎம் (பல மாற்றங்களை ஒரே பரிமாற்றமாகச் செய்யும் முறை) பக்கம் வந்தேன். இன்றும் ஹாஸ்கெல்லை நான் விடாததற்கு இதுதான் காரணம். வேனுக்கு ஒரு டிவார் (பரிமாற்றத்துக்குள் மாற்றும் பெட்டி), காத்திருப்போர் பட்டியலுக்கு ஒன்று. எல்லாவற்றையும் அடாமிக்கலி என்ற கட்டளையில் ஒரே பரிமாற்றமாக மாற்றலாம். நடுவில் எக்ஸெப்ஷன் எழுந்தால் எந்த மாற்றமும் நடக்காததுபோல் கலைந்துவிடும். அதைவிட முக்கியம், எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையை உள்ளே எழுதினால் கம்பைலரே விடாது, டைப் பொருந்தாது. அதனால் அனுப்ப வேண்டிய செய்தியை அதே பரிமாற்றத்தில் ஒரு டிகியூ வரிசையில் போடுகிறோம். தனி த்ரெட் எடுத்து அனுப்புகிறது. சர்வரே விழுந்தால் அந்த வரிசையும் போய்விடும், அது நினைவகம்தானே. அதற்கு டேட்டாபேஸ் இல்லாமல் முடியாது.

எஸ்டிஎம்மிலும் ஒரு தொல்லை. எல்லா வேன்களையும் ஒரே பரிமாற்றத்தில் படிக்கும் ரிப்போர்ட் ஒன்று இருந்தது. காலை நெரிசலில் அது படித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு சீட்டை மாற்றிவிடுவார்கள், முதலிலிருந்து ஓடும், மறுபடி மாற்றுவார்கள். ரிப்போர்ட்டுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் படிக்க மாற்றினேன்.

என்னை ரொம்பவும் வெட்கப்பட வைத்தது லேசினஸ், அதாவது தேவைப்படும்போதுதான் கணக்கிடும் ஹாஸ்கெல்லின் வழக்கம். ஒர்க்‌ஷாப்புக்குப் போன வேனுக்கு சீட் எண்ணிக்கை பூஜ்யம் என்று யாரோ போட்டுவிட்டார்கள். கட்டணத்தை அதால் வகுக்கும் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கைச் செய்யாமலேயே 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஹாஸ்கெல் டிவாருக்குள் வைத்துவிட்டது. எக்ஸெப்ஷன் வந்தால் பிடிக்கும் டிரை போட்டுச் சுற்றியிருந்தேன், பயனில்லை; அது வெற்றி என்றே சொன்னது. அரை மணி கழித்து ரிப்போர்ட் த்ரெட் அதைத் தொட்டதும் வெடித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரிப்போர்ட் கோடை இரண்டு நாள் குடைந்திருக்கிறேன். இப்போது வைப்பதற்கு முன்பே ஃபோர்ஸ் போட்டு முழுக்கக் கணக்கிட்டுவிடுகிறோம். பெயரில் மேற்கோள் குறி உள்ள மாடிஃபைடிவார் மட்டும் போதாது. அது வெளித்தோலை மட்டும்தான் கணக்கிடும்.

எண்ணிக்கைகளை ஸ்டேட்-டியில் (ஸ்டேட்டைக் கூடவே கொண்டுபோகும் அடுக்கு) வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். கேட்ச் ஒரு எக்ஸெப்ஷனைப் பிடித்ததும் ஸ்டேட் கேட்ச் தொடங்கிய இடத்துக்கே போய்விட்டது, கணக்கு இடித்தது. ரீடர்-டிக்குள் (மாறாத தகவலைக் கொண்டுபோகும் அடுக்கு) டிவாராக மாற்றினேன், முடிந்தது. புது த்ரெட் தொடங்க ஃபோர்க்ஐஓ வேண்டாம், குழந்தை த்ரெட் செத்தாலும் தாய்க்குத் தெரியாது, வித்அசிங்க் போட்டு, லிங்க்கோ வெயிட்டோ சேர்த்து விடுங்கள். எல்லா எக்ஸெப்ஷனையும் பிடிக்கும் கேட்ச், த்ரெட்டைக் கொல்ல வரும் எக்ஸெப்ஷனையும் சேர்த்து விழுங்கிவிடும். எங்கள் சர்வர் ஒருமுறை நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் அடம்பிடித்தது அதனால்தான். அப்படிக் கொல்ல வருவதை விழுங்காத, அன்லிஃப்ட்ஐஓ லைப்ரரியின் டிரைஎனி வந்தபின் அந்தத் தலைவலி இல்லை.

தீராத குறை ஒன்று. எந்த ஃபங்ஷன் என்ன எக்ஸெப்ஷன் எறியும் என்று டைப் சொல்வதில்லை. இவ்வளவு கறாரான மொழியில் இது மட்டும் வாய்மொழி வழக்காகவே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன், "அண்ணே, எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டான். சோர்ஸைத் திறந்து காட்டினேன். படித்துக்கொண்டே போனவன், பழைய கோடில் டேக்எம்வார் ஒன்று இன்னும் இருப்பதைக் காட்டினான். தெரியும். அதை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டிருக்கிறேன்.