ஜிஸிப் சைட்மேப்பைத் தேடுபொறி வாசிக்குமா? குமரி மாவட்டத் தளங்களில் பல வருடப் பயன்பாடு

வாசிக்கும். சைட்மேப் என்பது தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல்; ஜிஸிப் ஃபைலைச் சுருக்கும் முறை. கூகுளும் பிங்கும் ஜிஸிப்பில் சுருக்கிய சைட்மேப்பைத் தடையில்லாமல் எடுத்துக்கொள்கின்றன. 2006 நவம்பரில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட சைட்மேப் நெறிமுறையிலேயே இதற்கு இடம் உண்டு. நாகர்கோவில் ஜவுளிக்கடை, மார்த்தாண்டம் தேன் விற்பனை, கன்னியாகுமரி லாட்ஜ் என்று மாவட்டத்துச் சின்னச் சின்னத் தளங்களில் வருடக்கணக்காக இது ஓடுவதைப் பார்த்தால், வந்த சிக்கல் அத்தனையும் சர்வர் பக்கத்துச் சிக்கல்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், இரண்டு வேலைகளை நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். பக்கத்தை அனுப்பும் நேரத்தில் சர்வர் சுருக்கி அனுப்புவது ஒன்று. அப்போது பதிலோடு போகும் ‘கன்டென்ட்-என்கோடிங்’ என்ற ஹெடரில் (குறிப்பு வரியில்) ஜிஸிப் அல்லது ப்ராட்லி (இன்னொரு சுருக்க முறை) என்று போட்டிருக்கும். பிரவுசரும், கூகுளுக்காகப் பக்கங்களை எடுக்கும் கூகுள்பாட்டும் வாங்கியவுடன் விரித்துக்கொள்ளும். வட்டிலேயே ‘எக்ஸ்எம்எல்.ஜிஇசட்’ என்று சுருக்கிய ஃபைலாக வைத்திருப்பது இன்னொன்று. ஒரு ஃபைலுக்கு இரண்டில் ஒன்று போதும்.

சில நூறு பக்கம் உள்ள தளத்துக்கு எங்கள் சிபாரிசு முதல் வழிதான்: சைட்மேப்பை வெறும் எக்ஸ்எம்எல்லாக வைத்துவிட்டு, சுருக்கும் வேலையை சர்வரிடம் விடுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ‘ஜிஸிப் ஆன்’ போட்டால் மட்டும் போதாது. இயல்பாக அது ஹெச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். ‘ஜிஸிப்_டைப்ஸ்’ வரியில் எக்ஸ்எம்எல், சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது), ஜாவாஸ்கிரிப்ட் வகைகளை நாமே சேர்க்க வேண்டும். சுருக்கும் அளவு இயல்பில் 1. அதை 5 அல்லது 6 ஆக்கலாம். 9 வைத்தால் சிபியு உழைப்பதற்கு ஏற்ற லாபம் இல்லை. ஜேபெக், பிஎன்ஜி படங்களை இந்த வரியில் சேர்க்காதீர்கள், அவை ஏற்கெனவே சுருங்கியவை.

தமிழில் முகவரி வைக்கும் தளங்களுக்குக் கணக்கு வேறு. ‘நாகர்கோவில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 11 குறியீடுகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் என்பதால் 33 பைட். சைட்மேப்பில் முகவரியாக எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகிவிடும். ஆக ஒரு ஊர்ப் பெயருக்கே 99 எழுத்து. நெறிமுறைப்படி ஒரு முகவரி 2,048 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சொற்கள் இப்படி நீண்டாலும் ஒரே பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிஸிப் இவற்றை நன்றாகவே அமுக்கிவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சைட்மேப்புக்கு உச்சவரம்பு 50,000 முகவரி, 50 எம்பி, அதாவது 5,24,28,800 பைட். இந்த 50 எம்பி விரித்த பிறகு உள்ள அளவு. ஒரு பதிவுக்குச் சராசரியாக 1,048 பைட்தான் கிடைக்கிறது. தமிழ் முகவரியோடு நாலைந்து படங்களின் முகவரியும் சேர்ந்தால் 50,000ஐத் தொடும் முன்பே வரம்பு தாண்டிவிடும். சுருக்கிய ஃபைல் சின்னதாகத் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

‘கோ’ எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது முறையில் 99 எழுத்து 108 ஆகிவிடும். தேடுபொறிக்கு அது வேறு முகவரி. சைட்மேப் ஒன்றைச் சொல்லி, தளம் இன்னொன்றைத் தந்தால் ‘பக்கம் இல்லை’ என்று 404 வரும். பழி சுருக்கத்தின் மேல் விழும்.

பெரிய தளமென்றால் பிரித்து வைப்பதே நல்லது. மாவட்டம் முழுக்க வீடு, மனை விளம்பரம் போடும் தளம் என்று வைத்துக்கொள்வோம்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார் என்று ஆறு தாலுகாவுக்கும் ஆறு ‘ஜிஇசட்’ ஃபைல், மேலே அந்த ஆறையும் பட்டியலிடும் ஒரு இண்டெக்ஸ். எந்த தாலுகாவின் பக்கங்கள் ஏறவில்லை என்பது கூகுளின் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளருக்கான அறிக்கைப் பக்கம்) தனித்தனியாகத் தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே பிரிக்கலாம்.

இனி, சர்ச் கன்சோலில் ‘கம்ப்ரஷன் எரர்’ வந்தால் பார்க்க வேண்டியவை. சரியான ஜிஸிப் ஃபைலின் முதல் இரண்டு பைட் 31, 139 என்றிருக்கும். ஃபைலை இறக்கி ஒருமுறை விரியுங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் வர வேண்டும். மறுபடியும் 31, 139 வந்தால் இரண்டு முறை சுருக்கியிருக்கிறது. ப்ளகின் ஒருமுறை, க்ரான் ஸ்கிரிப்ட் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) ஒருமுறை என்று செய்வதால் வருவது இது. விரிக்கவே முடியாமல் நேராக எக்ஸ்எம்எல் தெரிந்தால், பெயரில் மட்டும் ‘ஜிஇசட்’ சேர்த்திருக்கிறார்கள். அப்பாச்சி சர்வரில் சுருக்கும் வேலையைச் செய்யும் ‘மாட்_டிஃப்ளேட்’ ஏற்கெனவே சுருங்கிய ஃபைலை மறுபடி சுருக்காமலிருக்க, ‘ஜிஇசட்’ என்று முடியும் முகவரிகளுக்கு ‘நோ-ஜிஸிப்’ வைத்துவிடுங்கள்.

விட்டுவிட்டு வரும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ராத்திரி க்ரான் ஓடி ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாட் வந்து பாதியை எடுத்துப் போய்விடும். ஜிஸிப் ஃபைலின் கடைசி 8 பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் அசல் அளவும் இருக்கின்றன. வால் இல்லாவிட்டால் சரிபார்ப்பு தோற்கும். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அதே வட்டில் பெயரை மாற்றுங்கள். இந்தப் பிழை அதோடு நிற்கும்.

என்ஜின்எக்ஸில், முன்பே சுருக்கிவைத்த நகலைக் கொடுக்கும் ‘ஜிஸிப்_ஸ்டேட்டிக்’ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிஎஸ்எஸ்ஸை மாற்றிவிட்டுப் பக்கத்திலிருக்கும் ‘ஜிஇசட்’ நகலை மாற்ற மறந்தால், சர்வர் தேதியைப் பார்க்காது, பழைய நகலையே கொடுத்துக்கொண்டிருக்கும். கூகுள் பக்கத்தை வரைந்து பார்ப்பதும் அந்தப் பழைய சிஎஸ்எஸ்ஸை வைத்துத்தான்.

பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் ‘ஜிப்’ ஃபைல் கதை வேறு. தோவாளைப் பூ விலைப் பட்டியலை ஜிப்பாக ஏற்றினால் உள்ளே இருக்கும் பிச்சி, அரளி விலை எதுவும் தேடலில் வராது. கூகுள் உள்ளடக்கம் படிக்கும் வகைகளில் ஜிப் இல்லை. பிடிஎஃப் இருக்கிறது. அதைவிட, சாதாரணப் பக்கமாகவே போடுங்கள்; பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது சர்வர் சுருக்கித் தரும் பக்கம்தான் ஜனங்களுக்குத் திறக்கும்.

தேடுபொறி பாட்களுக்கு வழிகாட்டும் ரோபாட்ஸ் ஃபைலில் சைட்மேப் வரியை முழு முகவரியோடு, கடைசியில் ‘ஜிஇசட்’ உட்பட எழுதுங்கள். அதே ஃபைலில் ‘ஜிஇசட்’ என்று முடிவதையெல்லாம் தடுக்கும் வரி பழைய டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றம் செய்தபின் கூகுளுக்குச் சேதி சொல்லும் பழைய ‘பிங்’ (தேடுபொறி பிங் அல்ல) முகவரியை நம்ப வேண்டாம், 2023இல் கூகுள் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் ‘லாஸ்ட்மாட்’ தேதியை உண்மையாக வைத்து, சர்ச் கன்சோலில் ஒருமுறை மறுபடி சமர்ப்பித்தால் போதும்.