பழைய பெரிய லாரியின் எஞ்சின் தாங்குமா? பல வருட அனுபவம்

பழைய லாரி வைத்திருப்பவரிடம் எல்லோரும் கேட்பது "எஞ்சின் தாங்குமா?" என்பதுதான். ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். தாங்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் எஞ்சின் ஆயிலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் என்பது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய லைனர். அதன் வெளிச்சுவரைச் சுற்றிக் கூலண்ட் ஓடுகிறது. பிஸ்டன் உள்ளே இருந்து தட்டத் தட்ட லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் வெளிச்சுவரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் உருவாகி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு முறையும் இரும்பில் ஊசிமுனை அளவு அரிப்பு. அது வருடக்கணக்கில் தொடர்ந்தால் லைனரில் ஓட்டையே விழுந்து, கூலண்ட் உள்ளே இறங்கிவிடும். இதைத் தடுப்பது கூலண்ட்டில் இருக்கும் நைட்ரைட் போன்ற சேர்க்கைப் பொருள்கள். ஓட ஓட அவை தீர்ந்துபோகும். அளவு குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றினால் இன்னும் நீர்த்துப்போகும். அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கூலண்ட்டில் சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்துவிடுகிறேன். ரேடியேட்டர் மூடியையும் விடுவதில்லை. அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் குமிழிகள் இன்னும் எளிதாக உருவாகும்.

வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறது என்றால் உடனே பார்க்க வேண்டும். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலண்ட் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே இறங்கியிருந்தால் முதலில் வருவது அதுதான்.

புகையைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும்: கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை என்றால் டீசலைத் தெளிக்கும் நாசில் அல்லது கூலண்ட். நான் அதைவிட அதிகம் நம்புவது எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயை. ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதிலிருந்து வரும் ஆவி சென்ற வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், லைனர் தேய்மானம் முதல் சந்தேகம். டர்போ சீலையும் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம். சிலிக்கான் ஏறினால் எங்கோ தூசி உள்ளே போகிறது; ஏர் ஃபில்டருக்குப் பிறகு உள்ள குழாய்களைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலண்ட். ஈயம், செம்பு ஏறினால் பேரிங். ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. அடுத்தடுத்து வரும் அறிக்கைகளில் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இத்தனை பார்த்தும் ஒருநாள் எஞ்சின் வேலை வரத்தான் செய்யும், எனக்கும் வந்தது. ஆனால் எஞ்சினைச் சேஸிஸிலிருந்து இறக்கவில்லை. ஹெட்டையும் சம்பையும் கழற்றி, லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றினார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நன்றாக இருந்ததால் அது முடிந்தது. இப்படி வண்டியிலேயே புதுப்பிக்க முடிவது பெரிய லாரி எஞ்சினின் உண்மையான பலம். அதற்குப் பிறகு வழியில் என்னை நிறுத்தியதெல்லாம் பெல்ட், ஹோஸ், டீசல் லைனில் காற்று பிடிப்பது போன்ற சின்ன விஷயங்கள்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகும்போதே பிளாக் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) குறைவை முதல் ஸ்டார்ட்தான் காட்டிக்கொடுக்கும். கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், மணிக்கணக்கில் ஐடிலில் ஓடியதை அது சொல்லாது. அந்த எஞ்சினுக்கு லைனர் கிட், ஹெட் கேஸ்கெட், வாட்டர் பம்ப் மூன்றும் இன்றும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன்.