உப்புக்காற்றில் மூன்று வருஷம்: மொட்டைமாடி தூசி சென்சார் அனுபவம்

பிஎம்எஸ்5003 என்ற தூசி சென்சாரை ஈஎஸ்பி32 என்ற குட்டி வைஃபை கணினி போர்டோடு சேர்த்து மொட்டைமாடியில் மாட்டி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். கிழக்கே கடல், மேற்கே மணலித் தொழிற்சாலைகள். வாங்கிய வாரமே எழுதப்படும் பாராட்டுகள் இந்த சென்சாருக்கு நிறைய உண்டு. உப்புக்காற்றில் நாலு மழையைப் பார்த்த பிறகு எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புகை என்று வந்துவிட்டால் இதை நம்பலாம். உள்ளே இருக்கும் குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி துகள்மேல் பட்டுச் சிதறும். சிதறியதை ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடையோடு மூலம் பார்த்து, கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சென்சாரே கணக்குப் போட்டு அனுப்பிவிடும். நமக்கு வருவது 9600 பாட் வேகத்தில் 32 பைட் பொட்டலம், அவ்வளவுதான். போகி அன்று விடியற்காலையில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான துகள்களின் அளவு, மூன்றிலக்கத்துக்குப் போய், வெயில் ஏறும்வரை இறங்க மறுக்கும். தீபாவளி ராத்திரியும் அப்படியே. கொடுங்கையூர் குப்பைமேடு பற்றிக்கொண்டு காற்றும் தென்மேற்காக இருந்தால், புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே கிராஃப் நிமிர்ந்துவிடும்.

பிஎம் 2.5-ன் 24 மணி நேர சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை 15 ஆக்கிவிட்டது. இரண்டையும் கிராஃபில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் கோட்டுக்குக் கீழே இருப்பது எங்களுக்குச் சாதாரணம். இரண்டாவது கோட்டுக்குக் கீழே போனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது கடற்காற்று திரும்பும் நேரம். பகலில் அது உள்ளே நுழைந்ததும் எண் சரசரவென்று இறங்கும். ராத்திரி நிலக்காற்று மேற்கிலிருந்து வர, மறுபடி ஏறும்.

ஆனால் ராத்திரி தொடங்கி விடியற்காலைவரை நீளும் அந்த ஏற்றம் முழுக்கத் தூசி அல்ல. ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள உப்புத் துகள் தண்ணீரை உறிஞ்சி, ஊறப்போட்ட ஜவ்வரிசி போல உப்பிவிடும். லேசருக்கு அது பெரிய துகள், அதனால் பெரிய எண். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இதே சென்சார் உள்ள பர்ப்பிள்ஏர் கருவிகளுக்கு ஒரு திருத்தச் சூத்திரம் தந்திருக்கிறது: எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75 கூட்டவேண்டும். அது அந்த ஊர்க் காற்றை வைத்துப் போட்ட கணக்கு. கடலோரத்தில் அப்படியே ஒட்டவைக்க முடியாது. மணலியிலும் ராயபுரத்திலும் அரசாங்கக் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் எண்களோடு ஒப்பிட்டுத்தான் என் திருத்தத்தை வைத்திருக்கிறேன். பிஎம் 10 (10 மைக்ரான்வரை உள்ள துகள்) எண்ணை நான் பார்ப்பதே இல்லை. பெரிய துகளை இந்தச் சென்சார் சரியாகப் பிடிப்பதில்லை, சின்னதை வைத்து ஊகித்துச் சொல்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி அதில் பாதிகூட ஏறாது.

இனி வடசென்னைக்காரர்கள் கேட்கும் கேள்வி. கீழ்வீட்டு அக்காவின் பையனுக்கு வீசிங். மாடிப்படியில் நான் வைத்த விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்த்துத்தான் அவனை விளையாட அனுப்புவார். ஒரு சாயங்காலம் கேட்டார்: "இன்னா தம்பி, குடலைப் பெரட்டுற மாதிரி நாத்தம் அடிக்குது, உன் மிஷின்ல மட்டும் பச்சையா கீதே?"

நியாயமான கேள்வி. நாற்றம் வாயு. லேசர் பார்ப்பது துகள். கந்தக டை ஆக்சைடோ பென்சீனோ எவ்வளவு இருந்தாலும் இந்தச் சென்சாருக்கு அது வெறும் காற்று. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அந்த ராத்திரிக்கென்று என் கிராஃபில் தனி அடையாளம் ஏதும் கிடையாது. இந்தப் பக்கம் பாதிப் பேர் எதற்காகக் கருவி தேடுகிறார்களோ, அதை இது அளப்பதே இல்லை. மறுநாளே அந்தப் பச்சை விளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணை மட்டும் காட்டும் சின்னத் திரை வைத்து, மேலே "புகை மட்டும்" என்று ஒட்டினேன்.

எம்க்யூ135 என்ற மலிவு வாயு சென்சாரைப் போடலாமே என்பார்கள். 'ஏர் குவாலிட்டி சென்சார்' என்ற பெயரில் விற்பது அதுதான். அமோனியாவுக்கும் அசையும், ஆல்கஹாலுக்கும் அசையும், பக்கத்துவீட்டு அடுப்புப் புகைக்கும் அசையும். எதற்காக அசைந்தது என்று மட்டும் சொல்லாது. உள்ளிருக்கும் ஹீட்டருக்கே கிட்டத்தட்ட 800 மில்லிவாட் போகும். ஒரு குறிப்பிட்ட வாயுவைப் பிடிக்க எலக்ட்ரோகெமிக்கல் செல்தான் வழி. அதன் விலை பல மடங்கு, ஆயுளும் இரண்டு மூன்று வருஷம்தான். நான் இன்னும் வாங்கவில்லை.

சென்சாரைவிட என்னைப் படுத்தியது ஒயர்தான். ப்ரெட்போர்டு ஜம்பர் ஒயரின் முனைகள் முதல் மழைக்காலத்துக்குள்ளேயே பச்சை பூத்துவிட்டன. உப்புப் படலம் ஈரமானால் மின்சாரம் கடத்தும். இந்தச் சென்சாரில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் பக்கத்துப் பக்கத்து பின்கள். அரிப்பு எல்லாப் பின்னையும் ஒரே மாதிரித் தின்னாது, நேர்மின்னழுத்தம் நிற்கும் பின்தான் முதலில் போகும். அங்கே தடை கூடினால் விசிறி கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரியும், பொட்டலங்கள் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் கூட்டல் கணக்கு) தப்பி வரும். பார்ப்பவருக்கு சென்சார் கெட்டுப்போன மாதிரியே இருக்கும். ஜம்பரைத் தூக்கிப்போட்டு நேரடியாக சால்டர் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, போர்டுக்கு ஈரம் புகாத அக்ரிலிக் பூச்சு (கன்ஃபார்மல் கோட்டிங்) அடித்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. அடிக்கும்போது ஈரப்பத சென்சாரின் துளையை டேப்பால் மூடுங்கள். கூட வைத்திருந்த மலிவு ஈரப்பத சென்சார் ஒன்று, எப்போதும் நூறு சதவீதம் என்று சாதித்தே செத்தது. அந்த இடத்தில் இப்போது பிஎம்இ280.

பெட்டி என்று ஒன்றும் இல்லை. கீழ்நோக்கி வளைந்த இரண்டு பிவிசி எல்போ, வாயில் கொசுவலை. வலை இல்லாவிட்டால் எறும்பு குடிவந்துவிடும்.

இந்த வகை சென்சார்களில் முதலில் தேய்வது விசிறியும் லேசரும். இதே வகையில் வரும் எஸ்டிஎஸ்011 என்ற இன்னொரு சென்சாருக்குத் தரவுத்தாளிலேயே 8000 மணி நேரம்தான், நிறுத்தாமல் ஓட்டினால் பதினோரு மாதம். அதனால் என்னுடையதை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுகிறேன். போர்டில் ஓடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் அளவிடும் இடைவெளியை 30 விநாடிக்கு மேல் வைத்தால் நடுவில் விசிறியைத் தானே தூங்கவைத்துவிடும். சென்சாரின் கட்டளை வாங்கும் ஆர்எக்ஸ் பின்னையும் போர்டோடு இணைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டளை போய்ச் சேராது. எழுந்தபின் முதல் 30 விநாடி எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினால் எட்டு பின் கேபிளையும் கையோடு கேட்டு வாங்குங்கள். சாக்கெட்டின் பின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், கடைக்குக் கடை தொங்கும் 2.54 ஒயர் அதில் நுழையாது.