வட இலங்கையின் வன்னியில் மீன் வளர்க்க எது பொருந்தும்: குளமா, பயோபுளொக் தொட்டியா?

பக்டீரியாத் திரளின் துணையோடு மீன் வளர்க்கும் பயோபுளொக் தொட்டியின் நுட்பம் அழகானது. மீன் தின்னும் தீனியிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி அமோனியாவாக நீரில் கலக்கிறது. வெல்லப்பாகோ மாவோ சேர்த்தால் பக்டீரியாக்கள் பெருகி, அந்த நஞ்சை உண்டு திரளாகின்றன. திலாப்பியா மீன் அத்திரளையே மீண்டும் தின்கிறது. கூம்புக் குடுவையில் தொட்டி நீரை எடுத்துச் சற்று வைத்தால், பழுப்புத் திரள் அடியில் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீரும் நிலமும் மிகக் குறைவாகவே போதும். ஆனால் காற்றூட்டி இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்று, மின்பிறப்பாக்கியும் இல்லையென்றால் சில மணி நேரத்தில் மீன்கள் செத்து மிதக்கும். கடன் பட்டுத் தொடங்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆபத்து.

குளத்துக்கு மின்சாரமே வேண்டாம். மாரியில் நிரம்பும் சிறு குளங்களில் கட்லா, ரோகு மீன் குஞ்சுகளை விட்டால், இயற்கை உணவிலேயே வளர்ந்து, கோடையில் நீர் வற்றும்போது அறுவடைக்கு வந்துவிடும். குஞ்சுகளைக் கொண்டுவரும் பையை உடனே அவிழ்க்காமல், வெப்பம் சமப்படும்வரை குளத்தில் மிதக்கவிட வேண்டும். இவ்வினங்கள் தேங்கிய நீரில் இனம்பெருக்குவதில்லை. எனவே ஆண்டுதோறும் புதிய குஞ்சுகள் தேவை. மழை பொய்த்தாலும், அந்நீரை வயலுக்குப் பாய்ச்சும் கமக்காரருடன் நீர் பற்றி முன்கூட்டியே பேசாவிட்டாலும் சிக்கல்தான்.

என் தெரிவு குளமே. தொட்டியில் பணம் போடத்தான் வேண்டுமென்றால், குஞ்சுகளை விரலளவு வளர்த்து மாரியில் குளங்களுக்குக் கொடுக்கும் நாற்றங்காலாக அதை நடத்தலாம்.