பிளாஸ்டிக் இல்லாத ஸ்பாஞ்ச்: பாத்திரம் தேய்க்கச் சரிப்படுமா?

மரக்கூழில் செய்த செல்லுலோஸ் ஸ்பாஞ்சும் பீர்க்கங்காய் நாரும் சேர்ந்து வரும் பாக்கெட் வாங்கினேன். பிரித்தால் ஸ்பாஞ்ச் அட்டை மாதிரி தட்டையாக விறைத்துக் கிடக்கிறது, ஆனால் தண்ணீர் பட்ட நொடியில் உப்பி மெத்தென்று ஆகிவிடுகிறது, அதைப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இந்த ஸ்பாஞ்சால் தேய்த்தால் கண்ணாடி டம்ளர், தட்டில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சுலபமாகப் போய்விடும். தண்ணீரை ஏராளமாக உறிஞ்சி வைத்துக்கொள்வதால் சோப்பு நீர்த்துப்போய் நுரை குறைகிறது. ஒருமுறை நன்றாகப் பிழிந்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு இது சுத்தமாக ஆகாது, தேங்காய் நார்தான் வேண்டும்.

பீர்க்கங்காய் நார்தான் எனக்குப் பிடித்தது. காய்ந்திருக்கும்போது முரடு, ஊறினால் வளைந்து கொடுக்கும். நாளாக நாளாக ஓரத்திலிருந்து நார் பிய்ந்து வடிகட்டியில் சிக்கும், ஆனால் மட்கிப்போகிற நார்தானே, எடுத்துக் குப்பை உரத்தில் போட்டுவிடலாம்.

ஈரத்தோடு சிங்க்கிலேயே விட்டால் இரண்டுமே நாற்றமடிக்கும், இதில் இயற்கை, செயற்கை என்ற பேதமெல்லாம் கிடையாது. பிழிந்து காற்றில் தொங்கவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் பெரிதாக 'இயற்கை' என்று போட்டிருப்பார்கள், ஆனால் தேய்க்கிற சொரசொரப்புப் பக்கம் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். அது மட்காது, பிறகு எதற்கு இந்த மாற்றம்? பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் அடுத்த முறை நாரை மட்டும் தனியாக வாங்குவேன், செல்லுலோஸ் மேடை துடைக்கப் போதும்.